வயிற்றுக் கணக்கு

கோரிப்பாளையம் பரோட்டாக் கடையில்
இரவு பில் போடுகிறவன் நான்.
இரண்டு மணிக்கும் கொத்துச் சத்தம் ஓயாது.
இலையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்,
இவருக்கு இன்னொன்று வேண்டும்,
இவர் வாய்தான் போதும் என்கிறது.

அப்படிப்பட்டவன் வளர்க்கிறேன்
நான்கு மாதமாகச் சாப்பிடாத ஒருத்தியை.

சிலி நாட்டுக்காரி. ரோமம் போர்த்த எட்டுக் கால்.
கீழவாசல் மீன்தொட்டிக் கடையில்
லியோன் கொடுத்தபோதே உள்ளங்கை அகலம்.
பெயர் வடிவு.
செல்லூர் மாடியறையில், பீரோவுக்குப் பக்கத்தில்,
பிளாஸ்டிக் டப்பாவில், தேங்காய்நார்த் தூள் மேல்
குடியிருக்கிறாள்.

முதல் வருடம் ஊர்ப் பழக்கத்தில் வளர்த்தேன்.
கடையில் மிஞ்சும் முட்டை அட்டைகளை வாளிக்குள் அடுக்கி
சுவர்க்கோழி பெருக்கினேன்.
கேரட் கொடுத்து அவற்றைக் கொழுக்கவைத்தேன்.
ஒன்று போட்டேன், எடுத்தாள்.
இன்னொன்று போட்டேன், எடுத்தாள்.
கேட்காமலே சால்னா ஊற்றுகிற கை இது.
வயிறு பெருநெல்லிக்காய்போல் உருண்டு
நடக்கும்போது மண்ணில் இழுபட்டது.

“தலையவிடக் கொஞ்சம் பெருசா இருந்தாப் போதும்ணே.
தண்ணி ரொப்புன பலூன் மாதிரி இது.
ஒரு முழ உசரத்துல இருந்து விழுந்தாக்கூட
வெடிச்சுரும்” என்றான் லியோன்.
சொல்லும்போது அவன் கண்
என் சட்டையின் நடுப் பொத்தானில் இருந்தது.

அதே வாரம்தான்
ரத்தப் பரிசோதனைத் தாளில் எனக்கும் ஓர் எண் வந்தது.
இருநூற்று எண்பத்தாறு.

பிறகு அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.
ஐப்பசியில் போட்ட பூச்சி
அவள் முதுகில் ஏறி இறங்கிப் போனது.
கார்த்திகையில் இல்லை. மார்கழியில் இல்லை.
“யார்ட்ட கோவிச்சுக்கிட்டு இருக்காளாம்?”
என்றாள் ராக்கு.
எனக்குத் தெரியவில்லை.
எதிரே வருகிறவன் சாப்பிட்டாச்சா என்று
கேட்டுவிட்டுத்தான் கடன் கேட்கிற ஊர்.
தட்டைத் தள்ளிவிடுகிற ஜீவனிடம்
வேறென்ன கேட்பது?

தினமும் வேலை முடிந்து வந்து
கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பேன்.
மூடியில் தண்ணீர் இருக்கிறதா.
வயிறு சுருங்கியிருக்கிறதா.
இல்லை.
அதன் பின்பக்கத்து வழுக்கை மட்டும்
நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது,
பழுக்கத் தொடங்கிய நாவல்போல.

தை கடைசியில் ஒரு விடியல்
மல்லாந்து கிடந்தாள்.

ராக்கு முறம் எடுத்து வந்தாள்.
“போயிருச்சு. வைகையில போட்டுட்டு வாங்க.”
போட அங்கே தண்ணீர் எங்கே என்று
நாக்கு வரை வந்ததை விழுங்கினேன்.
செத்த சிலந்தி மல்லாந்து கிடக்காது.
குப்புறக் கிடந்து, கை மூடுவதுபோல்
கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும்.
இது வேறு.
டப்பாவைத் துழாவி
மிச்சமிருந்த ஒரு பூச்சியை வெளியே எடுத்தேன்.
இந்த நேரத்தில்
தீனி, தின்கிறவளைத் தின்றுவிடும்.

பாய் விரித்து உட்கார்ந்தேன்.
கையுறை கழற்றுவதுபோல ஒவ்வொரு காலாக.
மூன்று மணி நேரம். டீ ஆறி ஏடு கட்டியது.
ராக்கு முறத்தை எப்போது கீழே வைத்தாள்,
எப்போது உட்கார்ந்தாள், கவனிக்கவில்லை.

உரித்த தோலைத் தீப்பெட்டியில் வைத்துக்
கீழவாசல் கொண்டுபோனேன்.
“இரைப்பையோட உள்தோலையும் சேத்துத்தாண்ணே
கழட்டும்” என்றான் லியோன்.
தோலில் தலை இருந்தது, பல் இருந்தது,
எட்டுக் காலும் நகத்தோடு இருந்தன.
வயிறு இருந்த இடம் மட்டும்
கல்லாவுக்கு அடியில் கிடக்கும் பழைய பில்போலக்
கசங்கி.

புதுப் பல் வெள்ளையாக இருந்தது.
சிவந்து, கறுத்து, கெட்டிப்படும்வரை
பதினைந்து நாள் பொறுத்தேன்.
வயிறு இப்போது சின்ன வெங்காயம்.
ஒரு சுவர்க்கோழி போட்டேன்.
பாய்ந்ததை நான் பார்க்கவில்லை,
பாய்ந்து முடித்திருந்தாள்.
இன்னொன்று என் விரலிடுக்கில் உதைத்துக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
வாளியிலேயே விட்டேன்.

அன்றிரவு உடையப்பன் மாஸ்டர்
வழக்கம்போல நாலு பரோட்டா அடுக்கினார்.
இரண்டோடு எழுந்துவிட நினைத்தேன்.
மூன்றாவது சூடாக இருந்தது.